கமலவல்லி கேட்ட சந்தேகம்

காலம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று ஒரு நாள் காலையில் நான் தீர்மானித்தேன். காரணம் என் மனைவி கமலவல்லி.

அப்போது நான் திருச்சியில் ஒரு காலேஜில் தத்துவ சாஸ்திரத்தில் ஹானர்ஸ், கடைசி வருஷம். ஸ்ரீரங்கத்தில் குடித்தனம். கல்யாணமானவனுக்குத் தத்துவம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். வேறு யாருக்குத் தேவை?

கமலவல்லியின் தங்கை கோமளத்துக்குக் கும்பகோணத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"ஏன்னா, அப்பளம் இடணும், பக்ஷணம் பண்ணணும். அம்மாவுக்குக் கை ஒத்தாசைக்கு ஆள் இல்லை. ஒரு மாசம் முன்னாடியே நான் போகணும்."

"ஒரு மாசமா!"

காப்பி, சாத்தமுது, கறியமுது மூன்றும் வரிசையாக நின்று என்னிடம் விடைபெற்றுக்கொள்வது போல ஒரு காட்சி தெரிந்தது. சட்டென்று சாஸ்திரம் கைகொடுத்தது.

"கமலா, முன்னாடி, பின்னாடி எல்லாம் வெறும் மனமயக்கம். காலம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஒரு மாசம் முன்னாடி போனா என்ன, முதல் நாள் போனா என்ன? எல்லாம் ஒண்ணுதான்."

"அப்படியா?" என்றாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை. கண்ணீர் இல்லை. ஒரு கரண்டிகூடப் பறக்கவில்லை. என் படிப்பை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் புரொபசர் ரத்தினவேல் முதலியார் எங்கள் வீட்டுக்கு டிபனுக்கு வருவதாக இருந்தது. டிபார்ட்மெண்டில் ஒரு டியூட்டர் வேலை காலி. என் கூடப் படிக்கும் அழகர்சாமிக்கும் அதன்மேல் ஒரு கண். ஆகவே நான் ஒரு நாடகம் தயாரித்தேன். புரொபசர் டிபனுக்குப் பிழிந்த சேவையை ருசிக்கும்போது கமலவல்லி கதவோரம் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான் நெட்டுருப் போட்டு வைத்த பதிலைக் காவேரி வெள்ளம் மாதிரி அவிழ்த்துவிட வேண்டும். வேலை எனக்கு!

"எங்கே, சொல்லு பார்ப்போம்."

"உலகம் நிஜமா, பொய்யா?"

"பாத்திரக்காரன்கிட்ட பித்தளையா, ஈயமான்னு கேக்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் ஏக்கம் வேணும்."

"உலகம்... நிஜமா... பொய்யா?"

"பேஷ்! சேவை பரிமாறினதும் நான் தொண்டையைக் கனைப்பேன். உடனே கேட்டுடணும்."

ஞாயிற்றுக்கிழமை புரொபசர் வந்தார். தலைப்பாகையைக் கழற்றி வைத்தார். எலுமிச்சை சேவை ஒரு தட்டு, தேங்காய் சேவை ஒரு தட்டு. "பிரமாதம்மா!" என்றார்.

நான் கனைத்தேன்.

"ஸார், எனக்கு ஒரு சந்தேகம். கேக்கலாமா?" என்றாள் கமலவல்லி. ஏக்கம் அபாரம்.

"தாராளமா கேளுங்கம்மா."

நான் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டேன்.

"காலம்னு ஒண்ணு உண்டா, இல்லையா?"

அங்கவஸ்திரம் நழுவியது. இந்த வசனம் நாடகத்தில் இல்லவே இல்லை!

"அடடே!" புரொபசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பராசரன், நீங்களே பதில் சொல்லுங்க."

உண்டு என்றால் வீட்டில் மானம் போகும். இல்லை என்றால் அவள் எந்தப் பக்கம் திரும்புவாளோ! இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்தேன்.

"பரமார்த்தத்தில் காலம் கிடையாது. நடைமுறைக்கு மட்டும் உண்டுன்னு வச்சுக்கலாம்."

"அப்படின்னா ஸார், நடைமுறைக்குக் காலம் உண்டுன்னா, தங்கை கல்யாணத்துக்கு நான் ஒத்தாசைக்குப் போகவேண்டிய காலம் இதுதான். நிஜத்தில் காலமே இல்லைன்னா, நான் என்னிக்குப் போனேன், எத்தனை நாள் இருந்தேன்னு இவர் கேக்கவே முடியாது. எப்படிப் பார்த்தாலும் நான் கும்பகோணம் போகலாமோன்னோ?"

புரொபசருக்குச் சிரிப்பில் சேவை புரையேறியது. நான் அவர் தலையில் தட்டினேன். சிஷ்யன் குருவின் தலையில் தட்டும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"போயிட்டு வாங்கம்மா, போயிட்டு வாங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பராசரன், ஆட்சேபணை உண்டா?"

"இதோ, காப்பி கொண்டு வரேன் ஸார்" என்று எழுந்தேன்.

சமையலறைக்குள் ஓடினேன். "இதெல்லாம் உனக்கு யாருடி சொல்லிக்கொடுத்தா?"

"நன்னாயிருக்கு! காலேஜிலே கேட்டதையெல்லாம் தினம் என்னை உட்கார வச்சு வெளுத்துக்கட்டறேளே, நான் என்ன தூங்கிண்டா இருந்தேன்? நகருங்கோ, பால் பொங்கறது. கார்த்தால கும்பகோணத்துக்கு எத்தனை மணிக்கு ரயில்?"

போனது போகட்டும், வேலையாவது மிஞ்சுமா? புரொபசர் கிளம்பியதும் ஜட்காவரை கூடவே போய் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஸார், அந்த டியூட்டர் வேலை..."

"உங்களுக்குத்தான்னு முடிவு பண்ணிக்கிட்டுத்தான் வந்தேன், பராசரன்." ஜட்காவில் ஏறி உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார். "ஆனா வீட்டிலே ஒருத்தங்க கேட்டதுக்கே இப்படி முழிக்கிறீங்களே, கிளாஸ் பூரா எழுந்து நின்னு கேட்டா என்ன செய்வீங்க?"