ஓமம் இருக்கும் வீட்டில் ஒரு சம்பந்தம்

நாரந்தனை,
ஆவணி 1986.

அன்புள்ள மச்சான் நடராசா அறிய எழுதுவது,

இங்கு நானும் உம்முடைய அக்கா இராசேஸ்வரியும் மகள் மீனலோசனியும் சுகம். இலண்டன் குளிரில் நீரும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். முருகனுக்கு உதவியாக ஒரு கடதாசிச் சரை ஓமமும் இத்துடன் அனுப்புகிறேன். மூக்கடைத்துத் தடிமன் பிடித்தால் வறுத்துத் துணியில் முடிந்து மணந்து பாரும். வயிறு பொருமினால் அவித்துக் குடியும். முறுக்கோ ரசமோ ரொட்டி மாவோ, எதிலும் ஒரு சிட்டிகை போடும். ஓமம் தீர்க்காத நோய் வருத்தத்தை நான் இன்னும் காணவில்லை.

முக்கிய சங்கதி, மீனாவின் சம்பந்தம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஆழ்வாப்பிள்ளையர் நயினாதீவிலிருந்து பெண் பார்க்க வந்தார், அன்றைக்கென்று கடல் கொந்தளிப்பு, குறிகட்டுவான் துறையில் இறங்கும்போதே மனிதருக்கு முகம் சரியில்லை, அந்த வயிற்றோடு வந்தவருக்கு உம்முடைய அக்கா பலாக்காய்க் கறியும் உழுந்து வடையும் பாயாசமும் மாறி மாறிப் போட, நானும் விடாமல் உபசரிக்க, சாப்பிட்டு முடித்துச் சாய்மனைக் கதிரையில் விழுந்தவரிடம், ஏன் நாளைக் கடத்துவான் என்று, "என்ன சம்பந்தியார், உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஓம்..." என்றார். மிச்சம் வயிற்றிலிருந்து எழும்பிய ஏவறையில் போய்விட்டது, சம்மதத்துக்கு எனக்கு அந்த ஒரு சொல் போதும். உடனே தேங்காய் உடைத்தேன், இராசேஸ்வரி எல்லோருக்கும் சீனி கொடுத்தாள், அந்த நேரம் பார்த்து மீனா ஒரு கிளாசோடு குசினிக்குள்ளிருந்து ஓடி வர, கலியாணப் பெண் பெரியவர்கள் பேச்சுக்கு நடுவில் வரலாமோ என்று திருப்பி அனுப்பினேன். ஆழ்வாப்பிள்ளையர் கண்ணீர் மல்க எழுந்து போனார். சந்தோஷம் தாங்காமல்தான். தையில் கலியாணம். மேளத்துக்கும் சொல்லியாயிற்று. நீர் தாய்மாமன், தாமதியாமல் டிக்கெட் எடும்.

நோய்நொடி அண்டாமல், ஊரை மறவாமல், குடும்பத்தோடு நீர் நீடு வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான் முருகேசு

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஆழ்வாப்பிள்ளையர் திரும்ப வந்துவிட்டார். "முருகேசர், நான் அண்டைக்கு உம்மட்டை ஓமமெல்லோ கேட்டனான். நீர் தேங்காயை உடைச்சுப்போட்டீர்" என்றார். மீனாவுக்கு மட்டும் அது விளங்கியிருக்கிறது. கிளாசில் கொண்டுவந்தது ஓமத்தண்ணீராம். அப்படியானால் சம்மதமில்லையா என்று பதறிக் கேட்டேன். இப்போது யோசித்துப் பார்த்ததில் சம்மதம்தான் என்று தெளிவாகவே சொன்னார். நான் மறுபடியும் தேங்காயை எடுத்தேன். மீனா என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, என்னட்டை இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை."

டிக்கெட்டை இப்போது எடுக்க வேண்டாம். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாயிருக்கிறது.