தொங்கிய இழையும் தூக்கிப்போட்ட நாற்காலியும்

ஆரணி,
9-11-2025, ஞாயிறு.

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாள் செல்லம்மாள் அவர்களுக்கு, ஆரணி பச்சையப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தெய்வநாயகியும் மழைக்கு நனையாமல், சளிப் பிடிக்காமல் இருக்கிறோம். அங்கே கலசப்பாக்கத்தில் தாங்களும், சம்பந்தி ஐயா திருமலை அவர்களும், மாப்பிள்ளை உதயாவும், வயிற்றுப் பிள்ளையோடு எங்கள் காவ்யாவும், கன்று போட்டுப் பதினைந்து நாளான சிவப்பு மாடும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கிற காலத்தில் இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே தெய்வநாயகி பிடுங்கிக்கொள்கிறாள். வாட்சப்பில் நான் அனுப்பிய ஒன்பது நிமிடப் பேச்சைத் தாங்கள் இன்னும் கேட்கவில்லை என்பது அந்த இரண்டு கோடுகள் நீலமாகாமல் இருப்பதிலேயே தெரிகிறது. ஆகவே கடிதம். இந்தத் தாள் கடையில் காசு கொடுத்துப் புதிதாக வாங்கியது என்பதையும், பின்பக்கம் காலண்டர் தேதி எதுவும் இல்லை என்பதையும் தயவுசெய்து திருப்பிப் பார்த்துக்கொள்ளவும்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். தலைப் பிரசவம் பெண்ணுக்குத் தாய் வீட்டில் நடப்பது வழக்கம். வளைகாப்புக்கு ஏழு வகைச் சாதம் கட்டிக்கொண்டு வேன் வைத்து வந்தோம். சாதம் எல்லாம் தீர்ந்துபோயிற்று, எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள், ஆனால் திரும்பும்போது வேனில் வெறும் தூக்குகள்தான் இருந்தன, மகள் இல்லை. வழி நெடுக அந்தத் தூக்குகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்த சத்தத்தில் தெய்வநாயகி ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் போளூரிலிருந்து ஆரணி வரை பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை. குற்றம் என்னுடையது என்பதால் அதை முழுசாக எழுதிவிடுகிறேன்.

நான் பாவு புணைக்கிறவன் என்று தாங்கள் பெண் பார்க்கக் கோயிலுக்கு வந்தபோதே சொன்னேன், அது என்ன வேலை என்று தாங்கள் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற இழைகள், தீர்ந்துபோகும்போது பழைய இழைகளின் நுனியை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கி அதோடு சேர்க்க வேண்டும். ஒரு பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. இப்படி நாற்பது வருடம் அறுந்ததையும் தீர்ந்ததையும் சேர்த்துச் சேர்த்தே பிழைத்தவனுக்கு, வீட்டில் ஒரு பொருள் உடைந்தால் அது உடைந்ததாகவே தெரிவதில்லை, இன்னும் சேர்க்காததாகத்தான் தெரிகிறது. கழிவுப் பட்டு நூல் எங்களுக்குச் சும்மா கிடைக்கும். அதை நாலு மடிப்பாக முறுக்கிக் கஞ்சி தடவிக் கட்டினால் இரும்புக் கம்பி தோற்றுவிடும். நாற்காலிக் கால், வாளிப் பிடி, குக்கர் மூடி, சன்னல் கொக்கி, என் மூக்குக் கண்ணாடி எல்லாம் அப்படிக் கட்டியவைதான். ஒரே இழையில் இரண்டு வேலை முடியும் என்றால் இரண்டாவது இழை எதற்கு என்பதும் என் கொள்கை.

வளைகாப்புக்கு முந்தி, பிரசவத்துக்குத் தோதாக இருக்கிறதா என்று தாங்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்ததும் தெய்வநாயகி, “அவங்க வர்றதுக்குள்ள இந்தச் சாமானையெல்லாம் கழிச்சுப் போடுங்க. பொறக்கப்போற கொழந்தைய எங்க படுக்க வெக்கிறது, குக்கர் மூடி மேலயா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் கழிக்கத்தான் போனேன். ஆனால் எங்கள் தொழிலில் அடுத்த நுனியைச் சேர்க்காமல் முதல் நுனியை வெட்டுகிற பழக்கம் கிடையாது, கை வரவில்லை. அப்போதுதான் மேலே பார்த்தேன். அந்த நடு அறையில் முன்பு எங்கள் தறி இருந்தது. தறியைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றிவிட்டோம், ஆனால் சேலைக்குப் பூ வேலை போடுகிற ஜக்கார்டு பெட்டியைத் தாங்கிய இரண்டு கட்டைகள் கூரைக்குக் கீழே அப்படியே இருக்கின்றன. எல்லாச் சாமானையும் இருபத்துமூன்று மூட்டையாகக் கட்டி, கட்டைகளில் தொங்கவிட்டு, அதற்குக் கீழே நாலு வெள்ளை வேட்டிகளை இணைத்து மறைத்துவிட்டேன். தாங்கள் போனதும் ஜல்தியாக இறக்க வசதியாக இருக்கட்டும் என்று எல்லா மூட்டையையும் ஒரே சுருக்கு முடிச்சில் சேர்த்து, இழுத்தால் அவிழ்கிற மாதிரி ஒரு நுனியைச் சுவரோரம் விட்டிருந்தேன்.

தாங்கள் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்து, “இன்னாண்ணே, கல்யாண மண்டபம் கணக்கா மேல துணியெல்லாம் கட்டிக்கிறீங்க, நல்லா இருக்குது” என்றீர்கள். நானும் கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டேன். பிறகு தாங்கள் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். தோளுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி அம்மா, இதில் தங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. எங்கள் தெருவில் நடக்கப் பழகுகிற குழந்தைகூடத் தொங்குகிற இழையை இழுக்காது. அது எங்கே போகிறது என்று முதலில் கண்ணால் பார்க்கும், பிறகுதான் கையை வைக்கும். நெசவு வீட்டில் தாய்ப்பாலோடு வருகிற புத்தி அது. தாங்கள் நெல்லும் கரும்பும் பார்த்த குடும்பம். சுத்தமான கை. தொங்கியது, பிய்த்துப்போடலாம் என்று இழுத்தீர்கள்.

விழுந்தவை எல்லாம் அறை நடுவில்தான் விழுந்தன, ஒருவர் மேலும் படவில்லை, சம்பந்தி ஐயா மடியில் இறங்கிய முறத்தைத் தவிர. இருபத்திரண்டு வருடக் காலண்டர்கள் (சாமி படம் போட்டதை எப்படி எறிவது), கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் முந்நூறு, குக்கர் மூன்று, குடை நாலு. சைக்கிள் டயர் ஒன்று மட்டும் தனியாக உருண்டு, தங்களை ஒரு சுற்றுச் சுற்றி, வாசல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. சம்பந்தி ஐயா சிரித்தார். தாங்கள் சிரிக்கவில்லை. புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “அண்ணே, மனசுல வெச்சிக்காதீங்க. பொண்ணு எங்க வூட்லயே இருக்கட்டும், பிரசவத்த நாங்க பாத்துக்கறோம்” என்றீர்கள். தாங்கள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வளைகாப்பு முடிந்து வந்த மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டோம். தெய்வநாயகி நடுவில் உட்கார்ந்துகொண்டாள், நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட வேண்டும். “இது எதுக்குங்க?” என்பாள். “உபயோகப்படும்” என்பேன். “எப்போ?” என்பாள். “தேவைப்படும்போது” என்பேன். காலையிலிருந்து பதினொரு மணி வரை இப்படியே போயிற்று. அப்புறம் அவள் மெதுவாக, “இந்த வூட்ல தேவைப்படாதவ நான் ஒருத்திதான் போலிருக்குது. எனக்கு வேணுங்கறது ஒண்ணே ஒண்ணு, எம் பொண்ணு, அதுக்குத்தான் எடமில்ல” என்றாள். கையிலிருந்த வாளியைக் குப்பையில் போடத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

அவள் கத்தரிக்கோல் எடுத்தது அடுத்த பேஜார். சமையலறைக் குழாயில் இருந்த நூல் முடிச்சை வெட்டினாள், பின்பக்கம் துணிக்கொடி அறுந்து ஈரப் புடவைகள் எல்லாம் சேற்றில் விழுந்தன. துணிக்கொடியைக் கட்ட ஓடினேன், அதற்குள் சன்னல் கதவு தானாகத் திறந்துகொண்டு மழை உள்ளே வந்தது. மூன்றும் ஒரே இழை. குழாய் வேலைக்குத் தங்கவேலு என்பவரைக் கூப்பிட்டோம். அவர் குனிந்து பார்த்துவிட்டு வெகுநேரம் நிமிரவில்லை. “இத்த யாருங்க கட்னது? வாஷர் போயி பத்து வருசம் இருக்கும். இது எப்டிங்க தண்ணி நிக்குது?” என்றார். நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். தெய்வநாயகி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இதைவிடச் சங்கடம், போட்ட பொருள் போட்ட இடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது. நாலாவது காலைக் கட்டியிருந்த நாற்காலியைத் தெருமுனையில் வைத்துவிட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் எதிர்வீட்டு ஜெயக்குமார் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். “அண்ணே, உங்க முடிச்சுதான இது? எவனோ தூக்கிகினு போயி முக்குல போட்டுட்டுக்கிறான். நல்லவேள நான் பாத்தேன்” என்றான். அவனுக்கு டீ கொடுத்து அனுப்பினோம். மறுநாள் குப்பை வண்டியிலேயே ஏற்றினேன், துப்புரவு வேலை செய்கிற அம்மா முடிச்சைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி இறக்கி வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை வண்டியில் கட்டிக்கொண்டு தேவிகாபுரம் சாலை வரை கொண்டுபோய் வைத்தேன், தறிக்காரர் ஒருவர் பஸ்ஸில் பத்திரமாக ஏற்றி அனுப்பிவிட்டார். இந்த வட்டாரத்தில் நான் கை வைக்காத தறி குறைவு, முடிச்சு எல்லாருக்கும் தெரிகிறது. கடைசியில் உட்கார்ந்து எல்லா முடிச்சையும் நானே அவிழ்த்தேன். ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. காவ்யா பத்தாம் வகுப்புப் படித்த நாற்காலி அது, அவிழ்க்கும்போது அழுகை வந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கட்டு இல்லாததை யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

ஆக, இன்றைய நிலவரம். காலண்டர்கள் கோயில் அரச மரத்தடியில். பைகள் மளிகைக் கடையில். குழாய் புதிது, கொக்கி புதிது, என் கண்ணாடிகூடப் புதிது. கூரையில் ஒழுகிய இடத்துக்குக் கொத்தனார் வந்து பூசிவிட்டார். நடு அறை வெள்ளையடித்து வெறிச்சென்று இருக்கிறது, பேசினால் எதிரொலிக்கிறது. யாராவது கழித்துப்போட்ட எந்தப் பொருளையும் இனி இந்த வாசற்படி தாண்டிக் கொண்டுவர மாட்டேன் என்று கற்பூரம் ஏற்றி அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன், தெய்வநாயகி சாட்சி. சம்பந்தி அம்மா, இனி இந்த வீட்டில் காவ்யாவுக்கோ குழந்தைக்கோ மேலிருந்து ஒரு தூசிகூட விழாது. நல்ல நாள் பார்த்து எங்கள் பெண்ணை அனுப்பி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் இங்கே இல்லாமல் தெய்வநாயகி சரியாகச் சாப்பிடுவதில்லை. நானும்தான்.

சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம், முறத்துக்கு மன்னிப்பு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. காவ்யாவின் தலையில் கை வைத்து நாங்கள் வாழ்த்தியதாகத் தாங்களே ஒரு தடவை கை வைத்து வாழ்த்தவும். சிவப்பு மாடு நிறையக் கறக்கட்டும்.

என்றும் தங்கள் அன்புக்குக் காத்திருக்கும்,
பச்சையப்பன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்துக் கவருக்குள் போடும்போதே வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார், காவ்யாவும் இறங்கினாள். தாங்களே காலையில் அனுப்பி வைத்தீர்களாம். தெய்வநாயகி ஆரத்தித் தட்டைத் தேடுகிறாள், அதையும் கழித்துவிட்டோம். காவ்யா நடு அறையைப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா இது, யார் வூட்டுக்கு வந்துட்டேன் நானு?” என்றாள். தாங்கள் சாமானைப் பார்த்துப் பயந்ததால் இப்படிச் செய்தோம் என்று சொன்னேன். அவள், “எங்க அத்த சாமானுக்காகச் சொல்லலப்பா. அவங்களுக்கு என்னை அனுப்ப மனசே இல்ல, மொறைக்காகத்தான் அனுப்பிட்டாங்க. இன்னிக்கிக் கார்ல ஏறும்போது வாசலுக்குக்கூட வரல. அடுப்புல பால் வெச்சிக்கிறேன், பொங்கிடும்னு சொல்லிகினு உள்ளயே நின்னுகினு இருந்தாங்க. அடுப்புல பாலே இல்லப்பா” என்றாள்.

சம்பந்தி அம்மா, இது தெரிந்திருந்தால் நான் ஒரு குக்கர் மூடியைக்கூட எறிந்திருக்க மாட்டேன். போகட்டும். காலியான அறையில் இப்போது காவ்யாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. போட்டும்விட்டேன். ஜெயக்குமார் நேற்றுக் கழித்துப்போட்டது, தேக்கு. சம்பந்தி வீட்டில் போய்த் தங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்க வேண்டாம், பிரசவம் வரை தாங்களும் வந்து அவளோடேயே இருங்கள். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்புகிறேன். கட்டிலுக்கு மூன்று கால்கள் நன்றாக இருக்கின்றன. நாலாவதில் போட்ட கட்டுக்குக் கஞ்சி காய வேண்டும், மழையாக இருப்பதால் புதன்கிழமை வாருங்கள்.