நான்கு மூலையிலும் மஞ்சள்

தீங்கு நினைத்துத் தீங்கு செய்தவன் மன்னிப்புக் கேட்டு விடுபட்டுவிடலாம். நன்மை நினைத்துத் தீங்கு செய்தவன் பாடுதான் திண்டாட்டம். செய்தது தவறென்று அவன் வாய் சொன்னாலும், நினைத்தது சரிதானே என்று அவன் முகம் வாதாடிக்கொண்டே இருக்கும். அத்தகைய முகத்துடன் டெல்லி விமான நிலையத்தில் ஒரு காலை வேளை முழுவதும் நான் நின்றிருக்கிறேன்.

என் மருமகள் கல்பனா கடலாராய்ச்சி படித்தவள். (டெல்லி ஜனக்புரியில் கடலுக்கு எங்கே போவது? மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தேங்குவதுதான் நாங்கள் அறிந்த நீர்ப்பரப்பு.) ஜப்பானின் தெற்கே ஒரு சிறு தீவில், பவளப் பாறைகளை ஆராயும் நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அப்பாறைகளில் வாழும் உயிர்கள் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, கோடையின் தொடக்கத்தில், கடலெங்கும் முட்டைகளை வெளியிடுமாம். அதைக் கண்ணால் காண வேண்டுமென்று விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் அனுப்பிப் பல ஆண்டுகள் காத்திருந்தவள் அவள். அவளும், என் மகன் முரளியும், எட்டு வயதுப் பேத்தி தாராவும், மனைவியை இழந்தபின் அவர்களோடு வசிக்கும் நானுமாகக் குடிபெயர்வதென்று முடிவாயிற்று.

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டுகள் நான்கும் வந்து சேர்ந்தன.

"மாமாகிட்டயே இருக்கட்டும். காலம் பூரா ஃபைல் பாத்தவங்க. நாம எங்கயாவது வெச்சிட்டுத் தேடுவோம்" என்றாள் கல்பனா.

அரசு அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்ற எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் செய்த காரியம் எதுவும் உருப்பட்டதாகச் சான்று இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கல்யாணப் பத்திரிகையோ வேலை உத்தரவோ, புதிதாக வந்த எதற்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சுவாமி முன் வைத்த பின்னரே எடுப்பது எங்கள் வழக்கம். அட்டைகளில் தடவினேன். அத்துடன் நின்றிருக்கலாம். பயணத்தின் உயிர் விசாவில் அல்லவா இருக்கிறது என்று, அந்தப் பக்கத்தின் மூலைகளிலும் குழைத்த மஞ்சளைத் தாராளமாக அப்பினேன். புகைப்படங்களில் நெற்றிகள் வெறுமையாக இருந்தது மனத்தை உறுத்தியது. மூவருக்கும் குங்குமப் பொட்டு வைத்தேன். என்னுடையதை எடுத்தபோது மஞ்சள் கிண்ணம் காலி. கிழவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். பின்னர் நான்கையும் அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, வளையாதிருக்கட்டும் என்று சந்தனக் கல்லை மேலே ஏற்றினேன். (ஆவணப் பிரிவில் பயின்ற ஒழுங்கு!) புறப்படும் திங்கட்கிழமை வரை அவை அந்தப் பாரத்தின் கீழேயே இருந்தன.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் முரளியின் பாஸ்போர்ட்டைத் திறக்க முயன்றாள். அது திறக்கவில்லை. நகத்தைக் கொடுத்துப் பிரித்தாள். 'சர்ர்' என்றொரு சத்தம். விசாவின் ஒரு மூலை எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது.

"அங்கிள் ஜி, யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டாள்.

"ஹல்தி" என்றேன், மஞ்சளுக்கான இந்திச் சொல்லை இயன்றவரை கம்பீரமாக உச்சரித்து.

தாரா எட்டிப் பார்த்துக் கைதட்டினாள். "அப்பா, இதர் தேக்கோ! தாத்தா உங்களுக்கு பிந்தி வெச்சிருக்காங்க!"

"அப்பா... என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?" முரளியின் குரல் உடைந்தது.

மேலாளர் வந்தார். மூன்று பாஸ்போர்ட்டுகளும் சேதமடைந்துவிட்டன, இவர்களை அனுப்ப இயலாது என்றார். நான்காவதைப் புரட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

"யே பில்குல் டீக் ஹை. அங்கிள் ஜி ஜா சக்தே ஹை(ங்)."

பெரியவர் போகலாமாம்! பவளப் பாறைக்கும் பாறாங்கல்லுக்கும் வேறுபாடு அறியாத, குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காத நான் ஒருவனே அத்தீவில் குடியேறத் தகுதி பெற்றவனாக எஞ்சினேன்.

காலி செய்த வீட்டுக்கே திரும்பி, சாவியை மீண்டும் வாங்கி, பெட்டிகளின்மேல் அமர்ந்தோம். ஆராய்ச்சி நிலையத் தலைவருக்கு அனுப்ப ஒரு கடிதத்தை நான் மனத்துக்குள் அமைத்துக்கொண்டிருந்தேன்: 'தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களால்...'

"மாமா, உங்களோடதுல மட்டும் ஏன் வைக்கல?" என்றாள் கல்பனா திடீரென்று.

"மஞ்சள் தீந்துபோச்சும்மா."

"அதான், எங்களுக்கு எதுக்கு அவ்வளவு?"

கடிதத்தைக் கைவிட்டு உண்மையைச் சொன்னேன். "பயமா இருந்துச்சும்மா. சுத்திக் கடலுங்கறாங்க. பூகம்பம் வேற வருமாம்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளென்று பதறி எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டும் இருந்தாள். எது முதலில் தொடங்கியதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிலையத் தலைவருக்கு அவள் நடந்ததை நடந்தபடியே எழுதினாள். வேலை காத்திருக்கும் என்று பதில் வந்தது. பவளப் பாறை காத்திருக்கவில்லை. புதிய பாஸ்போர்ட்டும் விசாவும் பெற்று நாங்கள் தீவில் இறங்கியபோது, அவ்வாண்டின் முட்டைகள் கடலோடு போயிருந்தன. அதைக் குறித்து அவள் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

அன்று முதல் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும், மின்கட்டண ரசீதேயானாலும், "கையைக் காட்டுங்க" என்பார்கள். உள்ளங்கை, புறங்கை இரண்டையும் காட்டிய பிறகே என்னிடம் தருவார்கள். டெல்லியிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் நண்பர்கள்கூட நலம் விசாரிக்குமுன் என் கைகளை விசாரிக்கிறார்கள்.

மறு ஆண்டு கோடை தொடங்கிற்று. ஒரு மதியம் கல்பனா ஓர் உறையுடன் என்முன் வந்து நின்றாள். பவளப் பாறைக்குப் படகில் செல்வதற்கான அனுமதிக் கடிதம்.

"மாமா, கவர் மேல மட்டும். ஒரே ஒரு மூலை."

தீக்குச்சி முனையால் தொட்டு, கடுகளவு வைத்தேன்.

"கையைக் காட்டுங்க" என்றாள்.

வழக்கமான சோதனையென்று விரித்தேன். கிண்ணத்தில் எஞ்சியிருந்த மஞ்சளைத் தொட்டு, என் உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்தாள்.

"படகுல நீங்களும் வரீங்க."

குளத்தில் முழங்காலுக்கு மேல் இறங்காதவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். மஞ்சள் வைத்தாயிற்று. இனி மறுப்பதற்கில்லை.