ஒரு மணி நேரம் கை கழுவத் தடை

பாதுகாப்பு என்ற சொல்லின் முழுப் பொருளையும் இந்த உலகில் முதன்முதலாக உணர்ந்த குடும்பம் எங்களுடையதுதான் என்பதை மிகுந்த அடக்கத்துடன் அறிவித்துக்கொள்கிறேன். மூட்டுவலிக்கு ஜெல் வாங்குகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். வாங்குகிறார்கள், பிதுக்குகிறார்கள், தடவுகிறார்கள், அத்தோடு சரி. நாங்கள் அந்த ரகமல்ல. நாங்கள் வாங்கிய ஜெல்லுக்கு ஒரு குழு இருந்தது. குழுவுக்கு ஒரு தலைவர் இருந்தார். தலைவர் நான்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடமாக அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதுவது என் வேலை. நான் எழுதியவற்றில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் மீறியதில்லை. மீறுவதற்கு முதலில் படிக்க வேண்டுமே.

என் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைக்கிறாள். ஆறு மாதமாக அவளுக்கு விரல் மூட்டுகளில் வலி. காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. கஷ்டப்பட்டு மடக்கினால் நிமிராது. டாக்டர் பார்த்தார். மாத்திரை அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், மேலே தடவும் ஜெல் எழுதிக் கொடுத்தார்.

"மூணு வாரம் ஒழுங்காப் போடுங்கம்மா. கைக்குக் கொஞ்சம் ஓய்வும் குடுங்க. அசட்டையா விட்டீங்கன்னா அப்புறம் கத்தரிக்கோலே பிடிக்க முடியாமப் போயிடும்" என்றார்.

அவள் முகம் சுண்டிப்போனது. அந்தக் கத்தரிக்கோல் சாதாரணமானதல்ல. தொழில் பழகிய காலத்தில் வாங்கியது. ஒருமுறை அதை எடுத்துக் காகிதம் வெட்டியதற்காக என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் அவள்.

மருந்துக் கடையில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி டியூபையும், கூடவே வந்த அளவு அட்டையையும் எடுத்து வைத்து விளக்கினாள்.

"இந்த அட்டையில கோடு இருக்கில்லம்மா, ஒரு தடவைக்கு இவ்வளவுதான். டாக்டர் ஒரு நாளைக்கு நாலு தடவை எழுதியிருக்காரு. காயம் இருந்தா அது மேல போடாதீங்க, கண்ணுல வாயில படக் கூடாது. போட்டுட்டு மேல துணியச் சுத்துறது, சூடா ஒத்தடம் குடுக்கிறது எதுவும் வேண்டாம். டாக்டரைக் கேக்காம வலி மாத்திரையும் சேத்துப் போடாதீங்க. எரிச்சல், தடிப்பு வந்தா நிறுத்திட்டு அவரைப் போய்ப் பாருங்க."

"போட்டதும் கையக் கழுவிடணும், இல்லையா?" என்று கேட்டாள் என் மனைவி.

"முழங்காலுக்குப் போடுறவங்க கழுவணும். உங்களுக்கு வலியே கையிலதானே? நீங்க ஒரு மணி நேரம் கை கழுவக் கூடாது. தண்ணியே படக் கூடாது."

என் மனைவி சிரித்துவிட்டாள். கடையில் நின்ற வேறு இரண்டு பெண்களும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மருத்துவ விஷயத்தைப் பெண்கள் இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்கிறார்களே என்று வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் குழு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு, சாப்பாட்டு மேஜையில், "மூட்டுவலி ஜெல் பாதுகாப்புப் பயன்பாட்டுக் குடும்பக் குழு"வின் முதல் கூட்டம் நடந்தது. தொழில்நுட்ப ஆலோசகர் என் மகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறான். என் மனைவி "பயனாளி". பயனாளி டீ போட்டுக் கொண்டுவந்ததும் கூட்டம் தொடங்கியது.

தலைவர் உரையில் நான் பிரச்சினையைத் தெளிவாக முன்வைத்தேன். நான்கு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம். ஆக, நாளொன்றுக்கு நான்கு "உலர் மணிகள்" தேவை. அவற்றைக் கண்டுபிடிப்பதே நம் முன் உள்ள சவால்.

"காலையில ஆறு மணிக்குப் போடலாமா?" என்று கேட்டேன்.

"அப்போ சமையல்ல இருப்பேன்."

"எட்டு?"

"பாத்திரம்."

"ஒன்பது?"

"உங்க மகன் சட்டை. மெஷின்ல போட்டா காலர் அழுக்குப் போகலையாம். கையால கசக்கணுமாம்."

ஆலோசகர் மடிக்கணினியைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்.

"பத்து?"

"துணி வெட்டுற நேரம். ஜெல் கையோட தொட்டா வெள்ளைத் துணியெல்லாம் கறையாயிடும்."

"சரி, பதினொண்ணு?"

"மதியத்துக்குக் காய் நறுக்கணும். போட்டுட்டே நறுக்குறேன். மருந்து உங்க வயித்துக்குள்ள போனாப் பரவாயில்லைன்னா."

குழு ஆடிப்போனது. "குழு உறுப்பினர்களின் வயிறு எக்காரணம் கொண்டும் ஆபத்துக்கு உள்ளாகக் கூடாது" என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒரு குடும்பம் இவ்வளவு சீக்கிரம் ஒத்த கருத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"அப்பா, பேசாம ஒரு ஆப் பண்ணிடறேன்" என்றான் மகன். "அம்மா கையில ஒரு பட்டை கட்டிடலாம். ஜெல் போட்ட நேரம் அதுல பதிவாகும். ஒரு மணி நேரத்துக்குள்ள தண்ணி பட்டா கத்தும். 'ஈரம்'னு பேரு வைக்கிறேன்."

"பேர்லயாவது இருக்கட்டும்" என்றாள் என் மனைவி. இது பாராட்டாகக் குறிப்பேட்டில் பதிவு செய்யப்பட்டது.

ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வேலை செய்யலாமே என்றும் ஆலோசகர் கேட்டார். நான் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து, மேலே எதையும் போட்டு மூடக் கூடாது என்ற வரியை உரக்க வாசித்தேன். விதி என்றால் விதிதான். கையுறை நிராகரிக்கப்பட்டது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று கேட்டாள் அவள்.

"பயனாளிக்குக் கடைசியில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது" என்றேன். கடைசியில் பார்த்தால் ஆளைக் காணோம். டீ கோப்பைகளைக் கழுவப் போயிருந்தாள். நேரம் பயன்படுத்தப்படவில்லை என்று எழுதிக் கூட்டத்தை முடித்தேன்.

மறுநாளே பணிகள் முடுக்கிவிடப்பட்டன. சிங்க்குக்கு மேலே என் சுற்றறிக்கை ஏறியது: "ஜெல் தடவிய கையுடன் குழாயைத் திறப்பது கண்டிப்பாகத் தடைசெய்யப்படுகிறது." தண்ணீர் தெறித்துப் பாழாகிவிடாதபடி அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டேன். எதையும் மூடக் கூடாது என்ற விதி காகிதத்துக்குப் பொருந்தாது.

மாலை நான்கு மணிக்கு அவள், மகன் கட்டிவிட்ட பட்டையோடு, அட்டையில் அளந்து, முதல் தடவையாக ஜெல் போட்டுக்கொண்டாள். விரல்களை விரித்து மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அழகாகத்தான் இருந்தது. ஏழாவது நிமிடம் எனக்குத் தாகம் எடுத்தது.

"தண்ணி குடேன்."

டம்ளர் எல்லாம் சிங்க்கில் கிடந்தன. அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். பட்டை அலறியது. நான் சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டினேன். அவள் டம்ளரைக் கழுவி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அடுத்த நாட்களிலும் இதே கதைதான். எங்கள் சிங்க்குக்கு மூட்டுவலி இருந்திருந்தால் அந்த வாரமே குணமாகியிருக்கும். பட்டை முதல் வாரத்தில் நாற்பத்தொரு தடவை அலறியது. ஆலோசகரின் ஆபீஸ் மீட்டிங்குகளுக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதன் வாயை அவரே அடைத்தார்.

இரண்டாவது கூட்டத்தில், மருந்து வீணாவதைத் தடுக்க வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு எடுத்தோம். தகுந்த உலர் மணிகள் அமையும்வரை ஜெல்லை பீரோவில் வைத்துப் பூட்டுவது. சாவி தலைவரிடம்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, முன்னறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுப் போனேன். கத்தரிக்கோல் தரையில் கிடந்தது. அவள் குனிந்து எடுத்தாள், மறுபடியும் நழுவியது. மேஜையில் வெள்ளைத் துணி பாதி வெட்டியபடி, கோணலாக. அவள் இரண்டு கையாலும் கத்தரிக்கோலை எடுத்து, ஒரு பழைய துணியில் சுற்றி, மேல் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். எனக்குப் பகீர் என்றது. ஆனால் தலைவர் உணர்ச்சிவசப்படக் கூடாது. மருந்தில்தான் கோளாறு என்று முடிவு செய்து, டியூப், கோப்பு, மனைவி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் புறப்பட்டேன்.

கண்ணாடிப் பெண் டியூபை அமுக்கிப் பார்த்தாள்.

"முக்கால்வாசி அப்படியே இருக்கே சார்?"

"பாதுகாப்பா வச்சிருக்கோம்."

கோப்பைப் பிரித்துக் காட்டினேன். தீர்மானங்கள், சுற்றறிக்கை நகல், நாற்பத்தொரு எச்சரிக்கைகளின் பட்டியல். "ஒரு எரிச்சல் இல்ல. ஒரு தடிப்பு இல்ல. ஒரே ஒரு பக்கவிளைவுகூட இல்லம்மா" என்றேன் பெருமையாக.

"விளைவு?"

"அது குழுவோட வரம்புல வரலை."

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "வீட்டுல எத்தனை பேரு சார்?"

"மூணு பேரு."

"அப்போ ஆறு கை. வலி ரெண்டு கையிலதான். மீதி நாலு கை என்ன பண்ணுது?"

நல்ல கேள்வி. பதினேழு பக்கக் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினேன். அப்படி ஒரு பொருள் எந்தக் கூட்டத்திலும் விவாதத்துக்கு வரவில்லை. நான் புரட்டிக்கொண்டே இருந்தேன். பயனாளி தன் வீங்கிய விரல்களைப் பார்த்தபடி, குழுவின் சார்பில், முதன்முதலாகப் பதில் சொன்னாள்.

"வலிக்குதுன்னு நான் சொன்ன அன்னைக்கே அந்த நாலையும் கழுவிட்டாங்கம்மா. ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கல."