தாம்பூலத்தில் போன பியோனி

நாகலக்ஷ்மி ஃபோனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக முன்வாசலைப் பார்த்தாள். ராஜலக்ஷ்மி ஆன்ட்டி கேட்ட செடி போன வாரம் வரை அங்கேதான் இருந்தது. இப்போது குழி மட்டும் இருந்தது.

"என்னவாம் ஆன்ட்டிக்கு?" என்று கேட்டான் அவள் கணவன் திருமூர்த்தி.

"அந்தப் பியோனி அங்கிள் கையால வெச்சதாம். மே கடைசியில வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போகட்டுமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தாராளமா வாங்கன்னு சொன்னேன்."

"செடியையும் வரச் சொல்லிட்டியா?"

நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் இந்த வீட்டை அவர்கள் ஜூலையில்தான் வாங்கியிருந்தார்கள். விற்றவர் ராஜலக்ஷ்மி ஆன்ட்டி. கணவர் சிவராமகிருஷ்ணன் காலமான பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்க முடியாமல், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். பியோனி பூத்து நாகலக்ஷ்மி பார்த்ததில்லை. தாமரையும் ரோஜாவும் கலந்தாற்போல வசந்த காலத்தின் கடைசியில் பூக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். இலையுதிர் காலத்தில் அதன் கிழங்கைத் தோண்டிப் பிரித்து நட்டால் ஒரு செடி பல செடிகளாகும் என்றும் அதே வீடியோ சொன்னது.

அப்போது நவராத்திரி வந்தது. கொலு பார்க்க வருகிறவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பாவையும் ரவிக்கைத் துணியையும் யாரும் வைத்துக்கொள்வதில்லை, அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்த முறை உயிருள்ள ஒன்றைக் கொடுத்தால் என்ன? அம்பாளே மனதில் போட்ட எண்ணம் என்று அவள் நம்பினாள். கிழங்கைத் தோண்டி எடுத்து அரிவாள்மணையில் நறுக்கினாள். ஒவ்வொரு துண்டிலும் சிவப்பு முளைகள் இருக்கும்படி பார்த்து, மஞ்சள் நூல் சுற்றி, வெற்றிலை பாக்கோடு பையில் போட்டாள். தனக்கென்று ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தாள். கடைசி நேரத்தில் யாரோ ஒருவர் புது மருமகளை அழைத்து வந்துவிட்டார். புதுப்பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. அந்தத் துண்டும் போயிற்று.

ராஜலக்ஷ்மி ஆன்ட்டியை மட்டும் அவள் கூப்பிடவில்லை. கணவரை இழந்தவரை வெற்றிலை பாக்குக்கு அழைத்தால் வருத்தப்படுவாரோ என்று தயங்கி விட்டுவிட்டாள். கூப்பிட்டிருந்தால் செடியைப் பற்றி முன்பே தெரிந்திருக்கும். அது போகட்டும், ஒரு மாலையாவது அந்த அம்மாள் நாலு பேரோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டிருப்பார். இந்த நினைப்புதான் அவளை அதிகம் குத்தியது.

தாம்பூலத்தில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கும் கேள்விப்படாத காரியம். சாமி படத்துக்கு முன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முதலில் தோழி நாகமணியைக் கூப்பிட்டாள்.

"நாகமணி, அன்னிக்கு ஒரு கிழங்கு குடுத்தேனே..."

"அதை நானே கேக்கணும்னு இருந்தேன். எங்க மாமியார் ஏதோ சேப்பங்கிழங்குன்னு குக்கர்ல வெச்சுட்டாங்க. எத்தனை விசில் விட்டும் வேகலை. டிராஷ் பண்ணிட்டோம். அதை எப்படிடி குக் பண்றது?"

இன்னொருத்தி வீட்டு பால்கனியில் அணில் தோண்டி எடுத்துப் போயிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் ரவிக்கைத் துணிக்குச் செய்வதையே கிழங்குக்கும் செய்திருந்தார்கள். யார் வீட்டுக் கொலுவில் யாருக்குக் கொடுத்தோம் என்று அவர்களுக்கே நினைவில்லை.

சரஸ்வதி பூஜையன்று பக்கத்து ஊரான எடிசனில் அதிகம் பழக்கமில்லாத ஒரு வீட்டுக் கொலுவுக்கு அவள் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது கையில் தாம்பூலப் பை வந்தது. உள்ளே அவள் நறுக்கிய கிழங்கு, அவளே சுற்றிய மஞ்சள் நூலோடு. நாகலக்ஷ்மியின் கண்களில் நீர் தளும்பியது. "எவ்வளவு பக்தி பாருங்க," என்று அந்த வீட்டம்மாள் மற்றவர்களிடம் மெச்சிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் நட்டுவிட்டாள். நியூ ஜெர்சிக் குளிரை அது தாங்க வேண்டுமே என்று முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்தாள். ஏப்ரல் வரை மண் அசையவில்லை. பியோனியை ஆழமாக நட்டால் பூக்காது, விரல் ஆழம் போதும் என்று அப்புறம்தான் படித்தாள். உடனே தோண்டி மேலே தூக்கி நட்டாள். அதில் பாதி வேர் அறுந்தது. மெல்ல இலை விட்டதும், தெம்பு வரட்டும் என்று புளித்த மோர் ஊற்றினாள். வந்த இலைகளிலும் பாதி பழுத்தன. மே மாதம் ஒரே ஒரு தண்டும் நாலு இலையும் மிஞ்சின. மொட்டு வரவில்லை.

கடையில் வேறு செடி வாங்கி வைத்துவிடலாம் என்றான் திருமூர்த்தி. ஆனால் அங்கிள் வைத்த செடி என்ன நிறத்தில் பூக்கும் என்று இருவருக்கும் தெரியாது. நலம் விசாரிப்பதுபோல ஆன்ட்டியை அழைத்து, நடுவில் மெல்லக் கேட்டாள்.

"அது ஒவ்வொரு வருஷம் ஒவ்வொரு கலர்மா," என்றார் ஆன்ட்டி.

பாவம், வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்று நாகலக்ஷ்மி இரக்கப்பட்டாள். அப்படிப்பட்டவரை ஏமாற்றப் போகிறோமே என்று இன்னும் கூசியது. ஆனால் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. வேறு செடியை வைத்து அங்கிள் செடி என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. இருக்கிற தண்டு அவருடையதுதானே. பூ மட்டும் கடையிலிருந்து வரட்டும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஆன்ட்டி வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஸ் நிறப் பியோனிக் கொத்து ஒன்று வாங்கி வந்தார்கள். தண்டுக்கு முட்டுக் கொடுக்க மூங்கில் குச்சிகளை ஊன்றினான் திருமூர்த்தி. மல்லிகை தொடுக்கும் முடிச்சில் பூக்களை ஒவ்வொன்றாகக் கட்டினாள் நாகலக்ஷ்மி. நாலு இலைச் செடியில் ஆறு பெரிய பூக்கள்.

"நாகு, ரொம்ப ஓவரா இருக்கு," என்றான் அவன். இரண்டை அவிழ்ப்பதற்குள் கார் வந்து நின்றது.

ஆன்ட்டியின் மாப்பிள்ளை சுந்தரராமன் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். ஆன்ட்டி செடியின் முன்னால் வந்து நின்றார். பிறகு மெல்லக் குனிந்து ஒரு பூவைத் தொட்டார். விரல் காம்பு வழியே இறங்கி முடிச்சு இருந்த இடத்தில் நின்றது. நாகலக்ஷ்மி தனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டாள். பூக்களில் ஒன்று அவிழ்ந்து, ஆன்ட்டியின் செருப்பின் மேல் விழுந்தது.

ஆன்ட்டி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கைப்பையில் வைத்தார்.

"நல்லா பூத்திருக்கும்மா."

"ஆன்ட்டி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எதுவும் சொல்ல வேண்டாம். நல்லா இருங்க." நாகலக்ஷ்மியின் கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, தானாகவே நடந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

நாகலக்ஷ்மிக்குத் தாங்கவில்லை. சுந்தரராமனை நிறுத்தி, அரிவாள்மணையில் தொடங்கிக் கடைப்பூ வரைக்கும் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டாள். பொய்யைக் காட்டிப் பெரியவரை ஏமாற்றிவிட்டேன், எனக்காக நீங்களே மன்னிப்புக் கேளுங்கள் என்று கைகூப்பினாள்.

சுந்தரராமன் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தச் செடி ஒரு வருஷம்கூடப் பூத்ததில்லைங்க, மாமாதான் வருஷா வருஷம் கடையில வாங்கிட்டு வந்து கட்டி வைப்பார், அத்தையும் தெரியாத மாதிரியே இருப்பாங்க, இந்த வருஷம் வெறும் செடியைப் பார்த்து அழுதுட்டு வரலாம்னுதான் கிளம்பி வந்தாங்க."