அரக்கன் என்ன குடி?

அரக்கன் வாளை உருவிய நேரம் பார்த்துத்தான் அஜந்தா கேட்டாள்.

"அரக்கன்ட குடி என்ன?"

குருக்கள்மடம் என்னும் கரையோர ஊரில், மதுரன் வீட்டு விறாந்தையில் நடக்கிற கதை விளையாட்டு அது. மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டுவார்கள். கதையை நடத்துவது மதுரன். போன கிழமை அவன் சொந்தமாகக் கட்டிய கதைக்கு அஜந்தா விட்ட கொட்டாவியை அவன் இன்னும் மறக்கவில்லை. அவள் இனி வராவிட்டால் அவனுக்கு விளையாட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அதனால்தான் அச்சடித்த சாகசப் புத்தகம் ஒன்றை வரவழைத்து, எழுத்துப் பிசகாமல் நடத்துவதென்று சபதம் எடுத்திருந்தான்.

புத்தகத்தைப் புரட்டினான். அரக்கனின் பலம் இருந்தது, பல்லின் நீளம்கூட இருந்தது.

"குடிக்கமாட்டான்" என்றான்.

"அதுவும் நல்லம்தான். நான் கேட்டது தாய்வழிக் குடி."

இந்தக் கரையில் குடி விசாரிக்காமல் ஒரு காரியமும் நடக்காது என்பது புத்தகம் எழுதிய மனிசனுக்கு எப்படித் தெரியும்? மதுரன் அவசரத்துக்குத் தன் குடியின் பெயரையே சொல்லித் தொலைத்தான்.

அஜந்தாவின் முகம் மலர்ந்தது. "அப்ப எங்கட குடி இல்ல. கல்யாணத்துக்கு முறை சரி."

"முறைக்காரர எப்பிடி வெட்டுற, மதுரண்ணன்?" என்றான் அவள் தம்பி தனோஜன். மதுரனோடு ஒரே கந்தோரில் வேலை. விளையாட்டில் அவன் கோடரி வீரன்; கோடரியைக் கீழே போட்டுவிட்டதாக அறிவித்தான்.

சண்டை இல்லையென்றால் புத்தகத்தில் பாதி வீண். அரக்கன் மேல் வெறுப்பு வரவைக்க மதுரன் என்னென்னவோ செய்து பார்த்தான். அரக்கர்களைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? தன்னைப் பற்றித் தெரிந்ததையே எடுத்துவிட்டான்.

"அவனுக்குக் கூடப்பிறந்த ஒருத்தரும் இல்ல. தனிக்கட்டை."

"தங்கச்சிமாருக்கு வீடு கட்டிக் குடுக்கிற பொறுப்பு இல்ல. நல்லம்."

"கோட்டை இடிஞ்சு ஒழுகுது."

"கல்யாணத்துக்குப் பொறகு பொஞ்சாதிட வீட்டுலதானே இரிக்கப்போறார். மீன் வெட்டத் தெரியுமா அவருக்கு?"

"தெரியும்" என்றான் மதுரன், களைத்துப்போய்.

அஜந்தா எழுந்தாள். "போதும். நான் போயிற்று வாறன்."

படலை சாத்திய சத்தம் கேட்டது. மதுரன் புத்தகத்தை மூடினான்.

"எல்லாத்தையும் பாழாக்கிட்டன், தனோஜன். அவ இனி வரமாட்டா."

தனோஜன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"அம்மா கேட்டுட்டு வரச் சொன்னதெல்லாம் அக்கா கேட்டுட்டா. நாளைக்குப் பெரியாக்கள் வருவாங்க, வீட்டுல நில்லுங்க அத்தான்."