ரயில் இல்லாத ஊரின் ஸ்டேஷன் மாஸ்டர்

நாகர்கோவிலுக்கு ரயில் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே ஸ்டேஷன் மாஸ்டர் வந்து சேர்ந்துவிட்டார். தண்டவாளம் இல்லாமல், வண்டி இல்லாமல், டிக்கெட் இல்லாமல் இவ்வளவு கண்டிப்பாக ரயில்வே நடத்திய மனிதர் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று வடசேரியில் யாருக்கும் தெரியாது. தபால்காரரே, "ஸ்டேஷன் மாஸ்டர் வீடு எது?" என்றுதான் விசாரிப்பார்.

நான் அப்போது ஒரு மோட்டார் கம்பெனியில் கிளார்க். அவர் வீட்டை ஒட்டிய அறையில் குடியிருந்தேன். நடுவே ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம், பல் தேய்ப்பதிலிருந்து பாய் விரிப்பதுவரை, இலங்கை ரயில்வே ஓடிக்கொண்டே இருக்கும். மனிதர் இளம் வயதில் சில வருஷம் சிலோனில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ரயில்வேயில் உத்தியோகம் என்பார். என்ன உத்தியோகம் என்று கேட்டால், "ஸ்டேஷன் மொத்தமும் எனக்க கையிலயாக்கும் இருந்தது" என்பார்.

"துடைப்பம் வச்சுத் தூத்து வாருகவன் கையிலயும்தான் ஸ்டேஷன் மொத்தமும் இருக்கும்" என்று அடுக்களையிலிருந்து பதில் வரும். அது அவர் மனைவி செல்லம்மை அம்மாள். ரயிலைக் கண்ணால் பார்க்கத் திருநெல்வேலிக்குப் போகவேண்டிய காலம் அது. அம்மாள் தோவாளையைத் தாண்டியதில்லை. ரயிலை அவள் தீவண்டி என்பாள். புருஷன் சொல்லும் தீவண்டிக் கதை எதையும் நம்பியதும் இல்லை.

கல்யாண வீட்டில் மாஸ்டரைப் பந்தி விசாரிக்க விட்டால் தீர்ந்தது. சாம்பார் வாளி பந்தியின் கடைசி இலைக்குப் போய்ச் சேரும்வரை புளிசேரி வாளி புறப்படக் கூடாது. "ஒரே லைன்ல ரெண்டு வண்டியை விட்டா மோதும் வே" என்று கையை நீட்டி மறித்துவிடுவார். ஒரு தை மாதக் கல்யாணத்தில் சாம்பார் வாளிக்காரர் பாதி வழியில் தன் மச்சானைக் கண்டு பேச நின்றுவிட்டார். முதல் இலைகளில் சாம்பாரை முடித்து மறுசோறு வாங்கிவிட்ட மாப்பிள்ளை வீட்டார், புளிசேரி வராமல் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சம்பந்திகளின் மனஸ்தாபம் தீர ஆடி மாதம் ஆயிற்று.

எங்கள் கம்பெனி பஸ்ஸும் தப்பவில்லை. தினமும் காலையில் மாஸ்டர் பஸ்ஸுக்கு முன்னால் நின்று பச்சைத் துணி காட்டுவார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மாளின் பழைய புடவையில் கிழித்த துணி அது. டிரைவருக்கு முதலில் எரிச்சல்; அப்புறம் பழகிப்போயிற்று. ஒருநாள் மாஸ்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். டிரைவர் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, வராத பச்சைத் துணிக்காகக் காத்திருந்தார். பிரயாணிகள் சத்தம் போட்ட பிறகுதான் அவருக்குச் சுயநினைவு வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் உண்மையாகவே ஒரு ரயில் வந்தது. எங்கள் முதலாளி கிறிஸ்தவர். கொழும்பிலிருந்த அவருடைய மருமகன் ஒரு பொம்மை ரயிலை அனுப்பியிருந்தார். சாவி கொடுத்து ஓட்டுகிற ரகம் இல்லை, மின்சாரத்தில் ஓடுகிற ரகம். பங்களா வராந்தாவில் கிறிஸ்மஸுக்கு வருஷாவருஷம் கட்டும், குழந்தை ஏசுவின் புல்கூட்டைச் சுற்றி அந்த வருஷம் தண்டவாளம் போட்டார்கள். வீட்டில் மின்சாரம் கிடையாது. பஸ் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து வைத்தார்கள். ஆக, நாகர்கோவிலுக்கு வராத ரயில் பெத்லகேமுக்கு வந்துவிட்டது.

செய்தி கேட்ட மாஸ்டர் அன்றே பச்சைத் துணி, சிவப்புத் துணி, ஊதல் சகிதம் பங்களாவில் ஆஜர்.

"முதலாளி, ஒரு காரியம். லைனை என்னைத் தவிர ஒருத்தரும் தொடப்படாது."

"தொடல ஓய். நீரே பாத்துக்கிடும்" என்றார் முதலாளி. அவருக்கு மனிதர்களைப் பகைத்துக்கொள்ளத் தெரியாது.

தண்டவாளம் துண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டின் முனையிலிருக்கும் ஊசி அடுத்த துண்டின் துளைக்குள் போய் உட்காரவேண்டும். அந்த மூட்டுகள் வழியாகத்தான் மின்சாரம் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குப் போகும். மாஸ்டர் செய்த முதல் வேலை, ஒவ்வொரு ஊசிக்கும் தேங்காய் எண்ணெய் தடவியது. "கடக்காத்து ஊரு. எண்ணெ காணாத இரும்பு துருப்பிடிச்சுப் போவும்" என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். தலைக்கும் தேங்காய் எண்ணெய், கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய், கையில் கத்தி பட்டாலும் தேங்காய் எண்ணெய் என்று வாழ்கிற ஊரில் அதைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

மத்தியான வெயிலில் வெள்ளோட்டம் விட்டோம். மாஸ்டர் ஊதினார், பச்சை காட்டினார், ரயில் ஆட்டிடையர்களைச் சுற்றிக்கொண்டு ஜோராக ஓடியது. முதலாளி அக்கம்பக்கத்தாரை எல்லாம் மாலையில் பார்க்க வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மாலையில் அவர்கள் வந்தார்கள். ரயில் புல்கூட்டுக்குப் பின்னால் போய் நின்றது. தள்ளிவிட்டால் நாலு விரற்கடை போகும், மறுபடி நிற்கும்.

"சிக்னல் கிடைக்கல. அதாக்கும் நிக்குது" என்றார் மாஸ்டர்.

"சிக்னல் குடுக்க வேண்டிய ஆளு நீரல்லவா ஓய்" என்றார் முதலாளி.

மறுநாள் சாயங்காலம் முதலாளியே ஒரு பஸ் பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தார். பல்பின் கம்பிகளைத் தண்டவாளத்தில் தொட்டுக்கொண்டே நகர்ந்தார். பேட்டரிக்குப் பக்கத்தில் வெளிச்சம் கண்ணைப் பறித்தது. ஒவ்வொரு மூட்டைத் தாண்டும்போதும் மங்கிக்கொண்டே போய், புல்கூட்டுக்குப் பின்னால் பீடி நெருப்பளவுக்கு வந்துவிட்டது. கோளாறு மூட்டில்தான் என்று தெரிந்தது. நான் குறடு எடுத்து மூட்டுகளை ஒவ்வொன்றாக நெரித்து இறுக்கினேன். மாஸ்டர், லைனைத் தொட்டதற்காக எங்கள் இரண்டு பேரையும் மனதுக்குள் சஸ்பெண்ட் செய்துவிட்டு, சிவப்புத் துணியைப் பிடித்தபடி நின்றார்.

அடுத்த நாள் மத்தியானம் ரயில் ஓடியது. நான் என்னைப் பெரிய எஞ்சினியராக நினைத்துக்கொண்டு ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். சாயங்காலம் நின்றது. நிற்கும்போதெல்லாம் மாஸ்டர் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மூட்டுகளுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுவார். பகலில் ஓடுகிற ரயில் பொழுது சாய்ந்தால் ஏன் நிற்கிறது என்பதற்குக் கம்பெனியில் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். பேட்டரிக்குப் பயம் என்றுகூட டிரைவர் சொன்னார்.

இதற்கிடையே மாஸ்டர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ரயிலைத் தான் ஓட்டுவதாக வீட்டில் ஓயாமல் பெருமையடித்திருக்கிறார். செல்லம்மை அம்மாள் சொன்னது சுவர் வழியே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"செரி, கிறிஸ்மஸுக்கு நான் வந்து பாக்கேன். ஓடிச்சுன்னா, நீங்க சொன்னதெல்லாம் சத்தியம்ணு எடுத்துக்கிடுதேன். ஓடலைன்னா இனி செத்தாலும் இந்த வீட்டில தீவண்டிப் பேச்சு எடுக்கப்படாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் மாஸ்டர். அவரிடம் இருந்ததே அந்தப் பேச்சு ஒன்றுதான். அதையும் பறித்துவிட்டால் மனிதர் மிச்ச ஆயுசை எதை வைத்துக் கழிப்பார்?

கிறிஸ்மஸ் சாயங்காலம் அம்மாள் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து மார்கழிக் காற்று சிலுசிலுவென்று அடித்தது. மாஸ்டர் எதற்கும் இருக்கட்டும் என்று குப்பியிலிருந்த எண்ணெய் முழுவதையும் மூட்டுகளுக்கு விட்டிருந்தார். ஊதினார். பச்சை காட்டினார். ரயில் அன்று புல்கூட்டுவரைகூடப் போகவில்லை. புறப்பட்ட இடத்திலேயே லேசாக முனகிவிட்டு நின்றுவிட்டது. மாஸ்டர் மறுபடி ஊதினார்.

அம்மாள் சிரிக்கவில்லை. புடவையைச் சொருகிக்கொண்டு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து மோந்து பார்த்தாள். ஒரு மூட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது எனக்க தேங்காண்ணெயாக்கும். குப்பியில நாளுக்கு நாள் குறையுகு, பூனை குடிக்குதோண்ணு நெனச்சேன்."

"துருப்பிடிக்காம இருக்க..." என்றார் மாஸ்டர்.

"மார்கழியில அந்தியானா எண்ணெ ஒறைஞ்சு கட்டியா நிக்கும்லா. தலைக்கு வைக்கதுக்கே வெயில்ல வச்சு உருக்குகோம். இந்தச் சின்ன ஓட்டைக்குள்ள மெழுகு மாதிரி அடைச்சு வச்சா ஒங்க கரண்டு எந்த வழியாப் போவும்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேட்டரியைப் பார்த்தேன். எங்கள் மூன்று பேர் வீட்டிலும் அதே மார்கழியில் அதே எண்ணெய் உறைந்துதான் கிடந்தது. அம்மாள் ஒரு துணி கேட்டு வாங்கி, சிம்னி விளக்கின் கண்ணாடியில் ஒற்றிச் சூடாக்கினாள். மூட்டுகளைக் கழற்றி, விளக்குத் துடைப்பதுபோல ஊசியையும் துளையையும் துடைத்தாள். நான் மறுபடி கோத்தேன்.

ரயில் ஓடியது. புல்கூட்டைச் சுற்றி, மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் மறைந்து, மறுபடி முன்னால் வந்தது. கூட்டம் கை தட்டியது. அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை.

"ஓடிச்சு பாத்தியளா" என்றாள் அவரிடம்.

மாஸ்டர் இரண்டு துணிகளையும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நேரத்துக்குப் புறப்படாத வண்டி ஓடாத வண்டியாக்கும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பஸ்ஸுக்குப் பச்சை காட்டவும் அவர் வரவில்லை. பஸ்கள் இடைஞ்சல் இல்லாமல் புறப்பட்டன. டிரைவருக்கு அது பிடிக்கவே இல்லை. ஒருநாள் அம்மாள் என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, சாப்பிடுகப்போ அவருக்க வாயில இருந்து 'உப்பு', 'வெள்ளம்' இந்த ரெண்டு வாக்குதான் வருது. நீங்க தீவண்டியைப் பத்தி எதாவது கேட்டுப் பாருங்களேன்."

நான் அவரைத் தெருவில் மறித்தேன். "மாஸ்டரே, கொழும்பில எஞ்சினுக்குத் தண்ணி எங்க வச்சுப் பிடிப்பாங்க?"

"வீட்டில பேசப்படாதுண்ணு ஒப்பந்தம்."

"இது தெருவாக்கும் ஓய்."

"வீட்டுக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொங்கல் கழிந்த ஒரு காலை. நான் ஆபீசுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கஞ்சிக் கிண்ணம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாளின் குரல்.

"இஞ்ச பாருங்க, எனக்கு ஒரு சந்தேகம். இந்தத் தீவண்டி மலை ஏறுகப்போ பின்னால சரிஞ்சு வந்திராதா?"

கஞ்சி உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் விடவில்லை. "நானாக்கும் கேக்கேன். சும்மா சொல்லுங்க."

ஒரு செருமல் கேட்டது. பிறகு, "அது நல்ல கேள்வியாக்கும்" என்றார் மாஸ்டர்.

கொழும்பிலிருந்து வண்டி புறப்பட்டது. முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ள ஒரு எஞ்சின். எதிரே ஒரு யானை வந்து நின்றது. மாஸ்டர் இறங்கிச் சிவப்புத் துணி காட்டியதும் விலகிப் போயிற்று. மலை வளைவில் கார்டுக்கு மயக்கம் வர, வண்டி மொத்தமும் மாஸ்டர் கைக்கு வந்தது. பாதிக்கு மேல் பொய். செல்லம்மை அம்மாள் ஒரு இடத்திலும் மறிக்காமல் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவர் வாய் திறக்காத நாட்களில் அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பதும் தெரிந்துவிட்டிருந்தது. வண்டி கண்டி போய்ச் சேரும்வரை நான் சுவரோரத்தை விட்டு நகரவில்லை.